பேக் கோப்பைக்கு ஒரு கை

எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன. அண்ணனின் கை மட்டும் ஊன்றுகோலிலேயே இருந்தது.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மேடையில் அழகப்பன் கோட்டும் டையுமாக, கோப்பை ஏற்கனவே தன்னுடையது என்பது போல நின்றான்.

கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கால்பந்துப் போட்டி முடிந்ததும் வருஷா வருஷம் சிறந்த பேக்குக்கு, அதாவது கோலைக் காக்கும் பின்வரிசை ஆட்டக்காரனுக்கு, ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். அதை நடுவர் முடிவு செய்வதில்லை, பிரின்சிபாலும் முடிவு செய்வதில்லை. எதிரணிகளில் கோல் போட ஓடும் ஃபார்வர்டுகள் எல்லாரும் சபையில் கை தூக்க வேண்டும். யாரைத் தாண்டிப் போக முடியவில்லை என்று அவர்களுக்குத்தானே தெரியும்?

ஒரு கை கீழே இருந்தாலும் அந்த வருஷம் கோப்பை அலமாரிக்குத் திரும்பிவிடும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஊர் முழுக்கப் புரிந்துகொள்ளும்.

அறுபத்தொன்றாம் வருஷம் அழகப்பன் பெயர் வந்தது.

அவனைத் தாண்ட முடியாதுதான். தாண்டினால் காலை உடைப்பான்.

ஜாலான் புசார் திடலில் அண்ணன் தாண்டினான். பந்து கோலுக்குள் போன பிறகுதான் அழகப்பன் பூட்ஸோடு அண்ணனின் முழங்காலில் இறங்கினான். நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கிடந்தவனைக் குனிந்து பார்த்து அவன் சிரித்ததையும் பார்த்தேன்.

இனி அண்ணன் பந்தைத் தொட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அழகப்பன் தன் அப்பா அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். அவன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன படிக்கிறேன், சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் விசாரித்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற குடும்பம். எங்கள் அப்பா அதிலேயே உருகிப்போனார். ஆட்டத்தில் பட்ட அடி ஆட்டத்தோடு போயிற்றாம்.

"மிஸ்டர் வேலாயுதம்?" என்று பிரின்சிபால் மைக்கில் அண்ணனின் பெயரைச் சொன்னார்.

தூக்காதே அண்ணே, தூக்காதே. சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மனை மனசுக்குள் கூப்பிட்டேன். அந்த ஒரு கை கீழேயே கிடக்கட்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அவன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினான்.

ஒரே கைதட்டல். பின்வரிசையில் ஒரு அம்மாள், எவ்வளவு பெரிய மனசு இந்தப் பிள்ளைக்கு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய மனசாம்! பயந்தாங்கொள்ளி. உடைந்தது முழங்கால்தானே, முதுகெலும்பு எங்கே போயிற்று?

வெளியே பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. அவனாகவே நொண்டிக்கொண்டு வந்தான். ஏன் தூக்கினாய் என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்ற சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பரிசம் போட்டாச்சு. தையில நீ அவன் வீட்டுக்குத்தான் வாழப் போறே. இன்னைக்கு நான் கையத் தூக்காம இருந்தா, அந்தக் கோவத்த அவன் யார்மேல காட்டுவான்?"



அந்தக் கை கீழே இருந்திருந்தால் அவன் வீட்டாரே கல்யாணத்தை நிறுத்தியிருப்பார்கள். அதற்காகத்தான் நான் அம்மனைக் கூப்பிட்டேன்.