டகோட்டாவில் இருபத்தெட்டுப் பேர்

வலது எஞ்சின் நின்றேவிட்டது. ஏற்காட்டு மலை மேகத்துக்குள் ஒளிந்திருந்தது. பின்னால் இருபத்தெட்டுப் பயணிகள். அப்புசாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மல்லசமுத்திரத்தில் தம் வீட்டு மாடியறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் அந்தக் காலத்து டகோட்டா விமானம் ஓட்டுவதுதான் அவருடைய ரகசியம். லாரிகளுக்குச் சொந்தக்காரர், பேரன் எடுக்கிற வயதில் விளையாடுகிறார் என்றால் ஊர் சிரிக்காதா? ஜிபிஎஸ்ஸில் லாரிகளைப் பார்ப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

துணைக்கு 'சேலம் டவர்' இருந்தது. யாரோ ஒருவர் எங்கிருந்தோ இன்டர்நெட்டில் உட்கார்ந்து, டைப் அடித்தே வழி சொல்வார். ஆள் யாரென்று தெரியாது. தமிழ் தெரிந்தவர் என்பதால் அப்புசாமி வீட்டுக் கதையெல்லாம் அவரிடம்தான் கொட்டுவார்.

எஞ்சின் நிற்பதற்குச் சற்று முன்புகூட டைப் அடித்திருந்தார்: "மருமகளுக்குச் சேலம் அஸ்தம்பட்டியில வேலை கெடைச்சிருக்குதுங்க. நாளைக்குச் சேரோணுமாம். ரோட்டத் தாண்டத் தெரியாத புள்ள, ஊட்டோட இருன்னு சொல்லிப்போட்டனுங்க."

அனுப்பிய பிறகு வெட்கமாகிவிட்டது. வேளாவேளைக்குச் சோறு போடுகிற பெண்ணை, முன்பின் தெரியாத ஒருத்தனிடம் போய் மட்டம் தட்டிவிட்டோமே என்று இருந்தது. டவரும் பதில் சொல்லவில்லை.

இப்போது எஞ்சினும் நின்று, அந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்டும் போனது. மாடியறைக்குத் தனி பேட்டரி இருந்ததால் டகோட்டா தப்பித்தது. டவரைத்தான் காணோம். கோபித்துக்கொண்டதோ என்று தவித்துப்போனார்.

தலைக்கு மேல் ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கியது. டவரும் எழுதியது: "பதற வேண்டாம். இடது பக்கம் திரும்புங்கள்."

அது சொல்லச் சொல்ல, ஒற்றை எஞ்சினோடு மலையைச் சுற்றி, மேகத்தை விட்டு இறங்கினார். நேர் எதிரே ஓடுபாதை தெரிந்தது. தரை தொட்டதும், "உங்களாலதானுங்க இருபத்தெட்டுப் பேரும் பொழச்சாங்க" என்று டைப் அடித்தார். டவர் அதற்குள் போய்விட்டிருந்தது.

சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம். அவசரமாகத் திரையை அணைத்துவிட்டுத் திறந்தார். காபியோடு மருமகள் ரஞ்சிதா நின்றிருந்தாள்.

"லாரியெல்லாம் பத்தரமாப் போய்ச் சேந்துருச்சு கண்ணு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். இந்தப் பெண்ணிடம் பொய் வேறு சொல்கிறோமே என்று கூசியது.

ரஞ்சிதா டம்ளரை நீட்டினாள்.

"இருபத்தெட்டுப் பேரையும் எறக்கி உட்டாச்சுங்க மாமா. நாளைக்கு ரோட்ட நானே தாண்டிக்கிறனுங்க."