அடுப்புக்கரி

எட்டு நாளாக அமிர்தத்தால் பாகூர் சந்தைக்குப் போக முடியவில்லை. “அடுப்புக்கரி பொண்டாட்டி வர்றா!” என்று மீன்காரி வரைக்கும் சிரித்தாள்.

எல்லாம் புருஷன் பலராமன் செய்த வேலை.

பிரெஞ்சுக் கம்பெனித் துரை ஒருவர் நிலக்கரி தேடி வந்திருந்தார். அவருடைய துளை மிஷின் போட்ட சத்தத்தில் கோழிகள் நடந்துகொண்டே முட்டையிட்டன. கரி கிடைத்தால் ஆலை வரும், ரயில் வரும், ஆயிரம் பேருக்கு வேலை வரும் என்று துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷ் சொல்லச் சொல்ல, ஊரே சம்பளம் வாங்கிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தது.

பலராமனின் மேட்டுக் கொல்லையில் துளை போட்டபோது கரி வந்தது. துரை முகர்ந்து பார்த்தார். சவுக்குக் கரி! சாம்பல்கூடப் போகவில்லை.

“இந்த ஊரில் கிடைப்பது பொய் ஒன்றுதான்!” என்று கத்திவிட்டு மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலையில் சம்பந்தியாக வேண்டிய தணிகைவேல் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

“கொல்லைய நல்ல விலைக்குத் தள்ளிவுட அடுப்புக்கரியப் போட்டியே, ஊர்ப் புள்ளைங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டியேய்யா! உன் வூட்டுல பொண்ணெடுக்க நான் இன்னா பைத்தியமா?”

பலராமன் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனான். அமிர்தம் திட்டிக்கொண்டே பின்னால் போனாள்.

போன மாதம் பாதி வெட்டிய கிணற்றை அவன் மூடிக்கொண்டிருந்தான். மண்குவியலில் ஒரு கறுப்புக் கட்டி. எடுத்து உடைத்தாள். ஈரமாய், உள்ளே மர வரிகளோடு இருந்தது.

“இதுவும் நீ போட்டதாய்யா?”

“அது பூமி போட்டது.”

“அடப்பாவி! நெசக் கரி இருக்கறப்பவா பொய்க் கரியக் காட்டினே?”

“இங்க இருந்தா நம்ம ஊரு ஏரிக்கு அடியிலயும் இருக்குமாம். ஏரிய வடிச்சிட்டுத்தான் வெட்டுவாங்களாம். துபாஷ்தான் சொன்னாரு. மறைச்சா துரை தோண்டிக்கினே இருப்பான். ஏமாத்தினேன், கோவிச்சுக்கினு போயிட்டான்.”

“நம்ம பொண்ணு கல்யாணம் போச்சே!”

மண்வெட்டி நின்றது. “ஆயிரம் பேரு வேலையுந்தான் போச்சு. செஞ்சது சரியான்னு எனக்கே தெரியல, அமிர்தம்.”

கீழே வயலில் தணிகைவேல் தன் பன்னிரண்டு காணி நெல்லுக்கு ஏரித் தண்ணீரைத் திருப்பிவிட்டபடி, “டேய் அடுப்புக்கரி!” என்று கத்தினார்.

அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் பலராமனுக்கு ஒரு சாண்கூடச் சொந்தம் கிடையாது.