பதினோராவது கையெழுத்து

“கப்பல் காலேஜெல்லாம் வேண்டாம்டா. கடலுக்குப் போறவன் திரும்பி வருவான்னு என்ன நிச்சயம்?” என்றாள் அம்மா.

“சம்மதப் படிவத்துல ஒரே ஒரு கையெழுத்தும்மா. ஆறு மாசத்துக்கொரு தடவை வந்து நிப்பேன்.”

“தண்ணின்னாலே எனக்குப் பயம்டா.”

“நீ பக்கெட்டையே சந்தேகமாப் பாக்கற ஆளாச்சே!”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கையெழுத்துப் போட்டாள். “சரி, பத்திரமாப் போயிட்டு வா.”

உள்ளே வந்த அப்பா, காலியாக இருந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்துப் பதினோரு கையெழுத்துகள். வருஷத்துக்கு ஒன்று.

“அன்னைக்கு மாட்டேன்னுட்டேனேங்க!”

அன்று கோபத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.