அடிபட்ட வண்டி

“நீங்களே ஓட்டுங்க தம்பி. எனக்குக் கண்ணுல ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம்கூட ஆகல. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிறேன்” என்றார் பெரியவர்.

வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் சாவியைத்தான் கேட்பார்கள். இவர் கேட்கவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. யார் ஓட்டினால் என்ன, வண்டி கைமாறினால் சரி.

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இரண்டு பேரிடம் உழைத்துவிட்டு அவனிடம் வந்து சேர்ந்த ஏழு சீட்டு வண்டி இது. இதை விற்றால்தான், பார்த்து வைத்திருக்கும் சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியும். வீட்டுக்காரர் திங்கட்கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதுவரை வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், பின்சீட்டுக் கதவைப் பற்றி அவன் பேச்செடுத்ததுமே நழுவிவிட்டார்கள்.

“உன் வாய்தான்டா உனக்கு எதிரி. இந்தத் தடவையாவது அதுக்கு ஒரு பூட்டுப் போடு” என்று கூட வேலை பார்க்கும் ஸ்கேன்காரர் காலையில்கூடப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவனும் தலையாட்டியிருந்தான்.

பெரியவரின் மனைவிக்கு முழங்கால் வலி. வண்டியோ நல்ல உயரம். அவன் டிக்கியைத் திறந்து ஒரு குட்டி ஸ்டூலை எடுத்து, ஏறுகிற இடத்தில் போட்டான்.

“இதையும் வண்டியோட சேர்த்துக் கொடுத்துடுவீங்களா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“தாராளமா எடுத்துக்குங்கம்மா. எங்க அக்கா பசங்க ஏறுறதுக்காக வாங்கினது.”

வண்டி கிளம்பியது. பெரியவர் ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீசல் எப்படி?”

“டவுனுக்குள்ள நல்லாவே குடிக்கும் சார். பெரிய ரோட்டுக்குப் போயிட்டா கொஞ்சம் அடக்க ஒடுக்கமா இருக்கும்.”

“ஏசி?”

“முன்னால ஜில்லுன்னு இருக்கும். கடைசி சீட்டுக்குக் காத்து போய்ச் சேர்றதுக்குள்ள நாம ஊர் போய்ச் சேர்ந்துடுவோம்.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கேன்காரர் கேட்டிருந்தால் தலையிலேயே அடித்துக்கொண்டிருப்பார்.

“தனியா இருக்கீங்கன்னு சொன்னீங்க. ஏழு சீட்டு எதுக்கு?” என்றார் அம்மாள்.

“லீவு விட்டா அக்காவும் பசங்களும் வந்துடுவாங்கம்மா. மத்த நாள்ல, டியூட்டி முடிஞ்சு பஸ் கிடைக்காம நிக்கிறவங்களை எல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போய் அவங்கவங்க வீட்டுல விடுவேன்.”

“இவ்வளவு உபயோகமா இருக்கிறதை ஏன் விக்கிறீங்க?”

“வீடு வாங்கணும்.”

“இப்ப இருக்கிற வீடு போதலையா?”

“எனக்குப் போதும்மா” என்றவன், கியரை மாற்றினான்.

நாலு ரோடு சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் திடுதிப்பென்று குறுக்கே புகுந்தான். இவன் பிரேக்கை அழுத்தி நிறுத்தினான். தப்புப் பண்ணியவனே திரும்பி முறைத்தான். இவன் கையைக் காட்டி, போ என்றான்.

“ஒரு வார்த்தை திட்டலையே தம்பி?”

“திட்டினா திருந்தவா போறான் சார்? இப்படி ஓட்டுறவன் எப்படியும் ஒரு நாள் எங்கிட்ட எக்ஸ்ரேக்கு வருவான். அப்ப நிதானமா பேசிக்கிறேன்.”

பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

திரும்பி வந்து அவன் வீட்டு வாசலில் நிறுத்தியதும் பெரியவர் மட்டும் இறங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்சீட்டுக் கதவைத் தடவிப் பார்த்தார்.

“பெயின்ட் பளபளன்னு இருக்கே. எங்கேயும் அடி கிடி பட்டதில்லையே?”

‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு கிடைத்துவிடும். வார்த்தை தொண்டைவரை வந்தும்விட்டது. அந்தக் கதவை ஒட்டித்தான் அம்மாள் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். வண்டியை வாங்கினால் இனி என்றைக்கும் அங்கேதான் உட்காருவார்.

“பட்டிருக்கு சார். எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் காலத்துல ஒரு லாரி இடிச்சிருக்கு. கதவையே மாத்தியிருக்காங்க. வெளியில ஒண்ணும் தெரியாது. ஆனா இன்னொரு தடவை அந்தப் பக்கம் இடி வாங்கினா தாங்காதுன்னு மெக்கானிக் சொன்னார். நான் அந்த சீட்டுல யாரையும் உட்கார வைக்கிறதில்ல. அம்மாவுக்குக் கால் வலின்னதால, இறங்கறதுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு இன்னைக்கு விட்டுட்டேன். அதுவே தப்பு.”

சொல்லி முடித்ததும் மனசு லேசானது. கூடவே வீடும் போனது. திங்கட்கிழமை அந்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்தான்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“வண்டி எங்களுக்கு வேண்டாம் தம்பி.”

“பரவாயில்ல சார்.”

அம்மாளை இறக்கிவிடுவதற்காக அவன் கதவைத் திறந்தான். அவர் இறங்குகிற வழியாக இல்லை.

“நீங்களும் விக்க வேண்டாம்” என்றார் பெரியவர். “சர்வீஸ் முழுக்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்து லைசென்ஸ் டெஸ்ட் வச்சவன் நான். ஒரு ஆள் எப்படின்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி தெரியாது. சொந்த வீடு வாங்கின பிறகுதான் பொண்ணு கேட்க வருவேன்னு பிடிவாதமா சொல்லிட்டீங்களாமே. அதுக்காக ஆசையா வச்சிருந்த வண்டியையே விக்கிறீங்கன்னு, உங்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர்ல இருக்கிற எங்க பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல.”



“மத்ததை அப்புறம் பேசிக்கலாம்” என்று பின்சீட்டில் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார் அந்த அம்மாள். “வண்டியை நம்ம வீட்டுக்கு விடுங்க மாப்பிள்ளை.”