ஏணி தேவைப்படாதவர்

"குழந்தைங்க வார்டு எந்தப் பக்கம்மா?"

ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தாள். முகம் தெரிய இன்னும் நிமிர வேண்டியிருந்தது.

"வார்டு இருக்கட்டும். எலக்ட்ரீஷியன் வர்றதுக்கு இத்தனை நாளா? இந்தா, புது பல்பு. மாட்டு."

"ஏணி எங்கம்மா?"

"உனக்கு எதுக்குப்பா ஏணி? கையை நீட்டு!"

நீட்டினார். வெளிச்சம் வந்தது.

"அப்படியே அந்த ஒட்டடையையும் எடு. வளர்ந்தா மட்டும் போதுமா? நாலு பேருக்கு உதவ வேணாமா?"

ஒட்டடையையும் எடுத்தார்.

எலக்ட்ரீஷியனை வேலை வாங்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பெருமை.

ஒரு வருஷம் கழித்து, அதே வராந்தாவில் இரங்கல் கூட்டம். துணி மூடிய படத்தின் அருகில் நின்று பெரிய டாக்டர் பேசினார்.

"கூடைப்பந்துல சம்பாதிச்சதை எல்லாம் போட்டு இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினார். உயிரோட இருந்தவரைக்கும் தன் படத்தை இங்க மாட்ட விடலை. 'வளர்ந்தா மட்டும் போதுமா, நாலு பேருக்கு உதவ வேணாமா'ன்னு இங்க ஒரு அம்மா அவரைத் திட்டினாங்களாம். போற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த அம்மா யாரு? முன்னால வாங்க, நீங்கதான் படத்தைத் திறக்கணும்."

யாரும் அசையவில்லை. டாக்டரே துணியை விலக்கினார்.

ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தாள். எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினாள்.