கரடித்திராட்சைக் கஷாயம்

காலை பத்தே கால். செருப்புத் தொழிற்சாலையின் தையல் வரிசையில் துஷீத்சா தொடைகளை இறுக்கிக்கொண்டு தோல் தைக்கிறாள். இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது நீர்க்கடுப்பு. இப்போது விலாவுக்குப் பின்னாலும் வலிக்கிறது. காய்ச்சலில் உதடு வெடித்திருக்கிறது. பக்கத்து இயந்திரத்து வேரித்சா, நீர்க்கடுப்புக்குக் கைமருந்தான கரடித்திராட்சை இலையைக் கொதிக்கவைத்து ஊற்றிய பிளாஸ்கை அவள் பக்கம் நகர்த்துகிறாள். கசப்பு நெடி எழுகிறது. "குளிர்ந்த கல்லுல உக்காந்தா இப்படித்தான் வரும், எங்க போய் உக்காந்தியோ! கம்பளி ஜட்டி போடுடின்னா, மகாராணிக்கு அரிக்குதாம். முழுசையும் குடி. நெறைய ஒண்ணுக்குப் போனாத்தான் எரிச்சல் அடங்கும்." மேற்பார்வையாளன் வரிசையைக் கடந்து போகிறான். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை யாருக்கும் தராத கழிவறைச் சாவி அவன் இடுப்பில் கிணுகிணுக்கிறது. துஷீத்சா தையலை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல் சொல்கிறாள்: "குடிக்கிறேன்க்கா. அவன்கிட்ட சாவிய நீ கேக்குறியா?"