பதமாகப் போன சேதி

நிலாச் சுரங்கத்துக்கு எழுத்து மட்டும்தான் போகும், குரல் போகாது. அங்கே வேலைக்குப் போன இளவழுதி, அம்மாவின் புலம்பலைத் தாங்கமாட்டாமல், கிளம்புமுன் வீட்டு லினக்ஸ் கணினியின் எடிட்டரில், எழுதுவதைப் பதமாக மாற்றி அனுப்பும் வசதியை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"அப்பாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை, உடனே கிளம்பு" என்று அம்மா செண்பகவடிவு கணினியில் அடித்தாள். திரையில் அது, "அப்பா அளவாகச் சாப்பிடுகிறார், முடிந்தபோது வா" என்று மாறி நின்றது.

கட்டிலில் கிடந்த கணவர் எட்டிப் பார்த்தார். "ஏளா, என்னையவிட நல்லாப் பொய் சொல்லுதே இது!"

"சும்மா கெடங்க. இத அணைக்காம விடமாட்டேன்."

பாவம், எங்கெங்கோ தேடி செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, அந்த வசதிக்கான ஒரு வரியை அழித்துச் சேமிக்கப் பார்த்தாள். உரியவரின் கடவுச்சொல் வேண்டும் என்று கணினி மறுத்துவிட்டது. உரியவன் இளவழுதி.

"அவன்கிட்டயே கேளேன்" என்றார் கணவர், மூச்சு வாங்க.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். "கடவுச்சொல்லை இப்போதே அனுப்பு ஐயா, அப்பா பிழைக்கமாட்டார்."

"கடவுச்சொல்லுக்கு அவசரமில்லை ஐயா, அப்பா ஓய்வில் இருக்கிறார்" என்று அது போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் பதில் வந்தது. "சரிம்மா. அடுத்த வருஷம் லீவுக்கு வரும்போது நானே மாத்தித் தர்றேன்."